யாருமில்லாத கடல்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை. நான் கடலூர் முதுநகரில் வளர்ந்தவன். 2006ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' என்ற கணினி விளையாட்டை விளையாடுவதற்காகவே திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குத் தினமும் சைக்கிளில் போவேன். ஒருநாள் எந்த மிஷனையும் செய்ய மனமில்லாமல், கதாநாயகனைக் கடலில் இறக்கி நேராக நீந்தவிட்டேன். கரை மறைந்தது. திரை ஓரத்தில் தெரியும் சிறு வரைபடமான ரேடாரில் நீலம் மட்டும் மிஞ்சியது. விளையாட்டுக்குள் பொழுதும் இருட்டிவிட்டது. எதுவும் என்னைக் கடிக்கவில்லை, யாரும் சுடவில்லை. ஆனால் என் உள்ளங்கை வியர்த்துவிட்டது. திரும்பி நீந்தக்கூடத் தோன்றாமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நான் காசு கட்டிய நேரத்தில் இன்னும் இருபது நிமிடம் பாக்கி இருந்தது.

பேய்ப்படங்களை நள்ளிரவில் தனியாகப் பார்ப்பவன் நான். ஹாரர் கேம்கள் சிலவற்றையும் முடித்திருக்கிறேன். அவை எதுவும் இவ்வளவு காலம் மனதில் தங்கவில்லை. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்கிறார் என் மனைவி. சுனாமியைப் பார்த்த ஊர்க்காரன் என்பதால் வந்த கடல் பயம் என்கிறார் ஒரு நண்பர். பயமுறுத்துவதற்காகச் செய்யப்படாத ஒரு விளையாட்டு ஏன் இப்படிப் பயமுறுத்துகிறது?

ச., கடலூர்

அன்புள்ள ச.,

உங்கள் மனைவி சொன்ன பழமொழி நல்ல பழமொழிதான், ஆனால் உங்களுக்குப் பொருந்தாது. அன்று நீங்கள் அரண்டு போய் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. விடுமுறை நாளில், விருப்பமான விளையாட்டில், நிம்மதியாக இருந்தீர்கள். இருட்டில் எதையோ கண்டதாகவும் நீங்கள் எழுதவில்லை. எதையும் காணவில்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், என் பதில் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியம் வகுக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. தெய்வமோ பேயோ, கொடிய மிருகமோ, திருடனோ, தண்டிக்கும் அரசனோ, நான்கிலும் எதிரே ஒருவர் அல்லது ஒன்று நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். ஹாரர் கேம்கள் பெரும்பாலும் இந்த நான்குக்குள் அடங்கிவிடும். கதவுக்குப் பின்னால் ஒன்று காத்திருக்கும், அது எப்போது பாயவேண்டும் என்பதை ஒருவர் நமக்காக யோசித்து வைத்திருப்பார், அதற்கு முன்பே இசை மாறி நம்மைத் தயார்ப்படுத்தும். அங்கே எவ்வளவு பயந்தாலும் நாம் தனியாக இல்லை, ஏனென்றால் நம்மைப் பயமுறுத்துகிறவர் கூடவே இருக்கிறார். உங்கள் கடலில் அந்த ஒருவரும் இல்லை. அங்கே நீங்கள் வருவீர்கள் என்று யாரும் உங்களை நினைத்துவைக்கவில்லை. நான்கிலும் சேராத ஐந்தாவது அச்சம் ஒன்று உண்டு என்றால், அது இதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் உடல் அன்று உணர்ந்தது கற்பனையும் அல்ல. சான் ஆண்ட்ரியாஸ் 2004இல் முதலில் பிளேஸ்டேஷன் 2க்காகச் செய்யப்பட்டது. அந்தக் கருவியின் முதன்மை நினைவகம் 32 மெகாபைட் மட்டுமே. மூன்று நகரங்களும் காடும் பாலைவனமும் கொண்ட ஒரு நிலத்தை அதற்குள் முழுவதுமாக வைத்திருக்க முடியாது. ஆகவே ஆட்டக்காரர் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் வட்டிலிருந்து எடுத்து அமைத்து, அவர் கடந்துபோன பகுதியை நினைவகத்திலிருந்து நீக்கிக்கொண்டே இருக்கும். தெருவில் நடக்கும் மனிதர்களும் அப்படித்தான்: நீங்கள் அருகில் போகும்போது உண்டாகி, விலகியதும் இல்லாமல் போவார்கள். கணினிக்கு அந்த விளையாட்டு 2005இல் வந்தபோதும் இந்த முறையோடுதான் வந்தது. அதாவது, நீங்கள் கடலின் நடுவில் நீந்திக்கொண்டிருந்த நேரத்தில், உங்கள் முதுகுக்குப் பின்னால் ஊர் என்று ஒன்று இருக்கவில்லை. கரை உங்கள் கண்ணுக்கு மட்டும் மறையவில்லை.

அதே விளையாட்டில் 'பேய்க் கார்கள்' என்று நாம் சொல்லிவந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். பேக் ஓ பியாண்ட் என்னும் காட்டுப் பகுதியில் நிற்கும்போது, மரங்களுக்கு நடுவிலிருந்து அடிபட்டு நசுங்கிய பழைய கார் ஒன்று, ஓட்டுநர் இல்லாமல், எஞ்சின் சத்தமும் இல்லாமல் சரிவில் இறங்கி வரும். மஞ்சக்குப்பத்தில் நான் அதை முதன்முதலில் பார்த்தபோது என் ஹெட்போனின் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. ஆகவே அது வந்ததே எனக்குக் கேட்கவில்லை. திரையின் இடது ஓரத்தில் நுழைந்து, என் கதாநாயகனின் தோளுக்கு அருகில் உருண்டு, கீழே ஒரு மரத்தில் மோதி நின்றது. கிட்டப் போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். இருக்கை காலியாக இருந்தது. இதற்கான காரணம் மிக எளியது. நசுங்கிய அந்தக் கார் தோன்ற வேண்டிய இடமாகக் குறிக்கப்பட்டிருப்பது ஒரு சரிவு. நாம் அருகில் வரும்போது கார் அங்கே உண்டாகிறது, உண்டானவுடன் சரிவின் விதிப்படி உருள்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் பயம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, கூடியது. பேய் ஓட்டிவந்த கார் என்றால் அது யாரோ ஒருவருடைய கார். இதுவோ யாருடைய நோக்கமும் இல்லாமல், நான் வந்த காரணத்தாலேயே உருண்ட கார்.

அந்தக் காட்டில் பிக்ஃபுட் என்னும் காட்டு மனிதன் இருக்கிறான் என்று உலகம் முழுவதும் ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் தேடினார்கள், அப்படி எதுவும் வைக்கப்படவில்லை என்றபோதும் தேடல் நிற்கவில்லை. மைன்கிராஃப்டிலும் 2010 முதல் ஹீரோபிரைன் என்ற வெள்ளைக் கண் மனிதனின் வதந்தி ஓடியது. அவன் ஒருபோதும் அந்த விளையாட்டில் இருந்ததில்லை. ஆனால் 'ஹீரோபிரைன் நீக்கப்பட்டான்' என்று புதுப்பிப்புக் குறிப்புகளில் அதைச் செய்தவர்களே விளையாட்டாக எழுதும் அளவுக்கு அவன் வளர்ந்துவிட்டான். மக்கள் பயத்தால் பேய்களை உண்டாக்குகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் வேறு விதமாக நினைக்கிறேன். யாருமே இல்லை என்பதைத் தாங்க முடியாமல், ஒரு பேயாவது இருக்கட்டும் என்று கேட்கிறார்கள். பண்ருட்டிப் பக்கமும் விழுப்புரம் பக்கமும் ஊர் எல்லையில், கடைசி வீட்டையும் தாண்டி, ஐயனார் சுடுமண் குதிரைகளோடு இருப்பதைப் பார்க்கிறோம். வீடுகள் முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில், பெரிய கண்ணோடு விழித்திருக்கும் ஒருவரை நம் முன்னோர் அமர்த்தி வைத்திருக்கிறார்கள்.

இதை எனக்குப் புரியவைத்தவள் பத்து வயதுள்ள என் அக்கா மகள். இங்கே முத்தியால்பேட்டை வீட்டில் விடுமுறைக்கு வந்திருந்தபோது, மைன்கிராஃப்டில் நிலத்துக்கடியில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று கையை எடுத்துவிட்டு, "மாமா, கொஞ்சம் பக்கத்துல உக்காருங்களேன்" என்றாள். குகைக்குள் ஏதோ முனகுவதுபோல் ஒரு நீண்ட ஓசை கேட்டிருக்கிறது. அந்த ஓசை எப்படி வருகிறது என்பது எனக்குத் தெரியும்: நம்மைச் சுற்றியுள்ள இருட்டை அந்த விளையாட்டு அளந்துகொண்டே ஒரு கணக்கை ஏற்றிவருகிறது, கணக்கு நிரம்பியதும் பதிவுசெய்து வைத்த ஓசைகளில் ஒன்றை ஒலிக்கவிட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. அந்த ஓசைக்குப் பின்னால் எந்த உயிரும் இல்லை. அவளைத் தைரியப்படுத்த நினைத்து, "அங்க யாரும் இல்லம்மா, இந்த உலகத்துல நீ மட்டும்தான் இருக்க" என்றேன். அவள் என்னைப் பார்த்து, "ஆமா மாமா, அதான் பயமா இருக்கு" என்றாள்.

இன்னும் பழைய ஓர் உதாரணம் சொல்கிறேன், உங்களுக்கும் பள்ளிக் கணினி அறையில் அறிமுகமாகியிருக்கும். ஜோர்டான் மெக்னர் 1989இல் ஆப்பிள் 2 கணினிக்காகச் செய்து, அடுத்த ஆண்டு டாஸ் கணினிகளுக்கும் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வின் நான்காம் நிலையில் ஒரு நிலைக்கண்ணாடி வழியை மறித்து நிற்கும். அதற்குள் பாய்ந்துதான் போகவேண்டும். பாய்ந்த கணத்தில் நம் உருவம் எதிர்ப்பக்கம் வழியாக வெளியேறி ஓடிவிடும், நம் உயிர்க்கணக்கில் ஒரே ஒரு புள்ளி மிஞ்சும். அடுத்த நிலையில் நாம் குடிக்கவேண்டிய மருந்தை அது குடித்துவிடும், அதற்கடுத்த நிலையில் நம் முகத்துக்கு நேராகக் கதவை அடைக்கும். எதிரி ஒருவன் வந்துவிட்டானே, இது நீங்கள் சொல்லும் ஐந்தாவது அச்சம் ஆகுமா என்று கேட்பீர்கள். அந்த நிழல் பிறந்த கதையைப் பாருங்கள். இளவரசனின் அசைவுப் படங்களே கணினியின் நினைவகத்தை நிரப்பிவிட்டதால், வேறோர் ஆளின் படங்களைச் சேர்க்க மெக்னருக்கு இடம் போதவில்லை. ஆகவே இளவரசனின் படங்களையே சிறு கணக்கு மாற்றத்தால் நிழலாக்கி எதிரே நிறுத்தினார். அந்த உலகத்தில் இன்னொருவருக்கு இடமில்லாததால் நாமே நமக்கு எதிரியானோம். பிற்பாடு அந்த நிழலை வாளால் வெட்டினால் நமக்குத்தான் காயம். வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கி நடந்தால், நிழல் நம்மோடு ஒன்றாகிவிடும். இதைவிட நேர்த்தியான ஒரு முடிவை வீடியோ கேம்களில் நான் கண்டதில்லை.

வேண்டுமென்றே ஒளித்துவைக்கப்பட்டவையும் உண்டு. 2008இல் வந்த நான்காம் ஜிடிஏவில் சுதந்திர தேவி சிலையை ஒத்த சிலைக்குள் சங்கிலியால் கட்டப்பட்ட இதயம் ஒன்று துடித்துக்கொண்டிருக்கும். பார்த்ததும் திடுக்கிடும், ஆனால் யாரோ நமக்காக வைத்தது என்று உடனே புரிந்துவிடுவதால் அந்தத் திடுக்கிடல் நீடிப்பதில்லை. 'சப்நாட்டிகா' என்னும் கடலடி விளையாட்டு இந்த வகையில் ஒரு நல்ல சோதனை. அதில் கடலடிப் பள்ளத்தாக்குகளைத் தாண்டி வெளி விளிம்புக்குப் போனால், தரை சரேலென்று இறங்கிக் காணாமல் போய், மேலும் கீழும் வெறும் நீர் மட்டும் இருக்கும். சிறிது நேரத்தில் ஒளிரும் உடலோடு பெரும் பிராணிகள் துரத்திவரும். அவை வந்துவிட்டால் எனக்குப் பாதி பயம் போய்விடுகிறது. அவை வருவதற்கு முந்தைய சில நொடிகள்தான் கனமானவை.

உங்கள் நண்பர் சொன்ன சுனாமியைப் பற்றி எழுதத் தயக்கமாகவே இருக்கிறது, ஆனாலும் நீங்கள் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். அந்த விளையாட்டின் கடல் உயரவில்லை, உங்களை நோக்கி வரவும் இல்லை. ஆகவே 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலையோடு அதைச் சேர்க்க எனக்கு மனமில்லை. ஆனால் அதற்குப் பின் வந்த நாட்களோடு சேர்க்கலாம். தேவனாம்பட்டினத்துக் கரையில் இரவில் நின்றால், அதுவரை எந்தக் காலத்திலும் கடல் முழு இருட்டாக இருந்ததில்லை. தூரத்தில் படகுகளின் விளக்குகள் ஒன்றிரண்டாவது தெரியும், அவற்றை எண்ணுவது சிறுவயதில் எங்களுக்கு ஒரு பழக்கம். சுனாமியை அடுத்து வந்த பொங்கல் கழிந்து ஒரு மாலை நான் அங்கே போனேன். படகுகள் உடைந்து கிடந்தன, தொழிலுக்குப் போக யாருக்கும் மனமும் வழியும் இல்லை. சுண்டல்காரர் இல்லை, பட்டம் விடும் பிள்ளைகள் இல்லை. கடல் அமைதியாகவே இருந்தது. இருட்டிய பிறகு எண்ணுவதற்கு ஒரு விளக்கும் இல்லை என்பதைக் கண்டபோது, அங்கே நிற்க முடியாமல் சாலைக்கு வந்துவிட்டேன். முதுநகரில் வளர்ந்த நீங்களும் அந்த நாட்களில் அந்தக் கடலைப் பார்த்திருப்பீர்கள்.

இந்தப் பதிலை எழுதுவதற்காக நேற்றிரவு சான் ஆண்ட்ரியாஸை மீண்டும் நிறுவி, நீங்கள் செய்ததையே செய்து பார்த்தேன். கரை மறைய அதிக நேரம் ஆகவில்லை. பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் பத்து நிமிடம் போல நீந்தினேன்; அலையின் ஓசையும் கை வீசும் ஓசையும் ஒரே அளவில் திரும்பத் திரும்ப வந்தன, நிலவு ஒன்று மேலே இருந்தது, ரேடாரில் அந்த நீலம். இருபது ஆண்டுக்கு முன் நீங்கள் எழுந்து போன இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றிய கணத்தில் எனக்கும் பிடரி சிலிர்த்தது. அப்போது பக்கத்து அறையிலிருந்து, "மாமா, இன்னும் தூங்கலையா?" என்று தூக்கக் குரலில் கேட்டாள் அக்கா மகள். இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். திரையில் இருந்தது நீல நிறம், அவ்வளவுதான். பொத்தானை விட்டுவிட்டேன், கதாநாயகன் அதே இடத்தில் மிதந்துகொண்டிருந்தான்.

அன்புடன்.