கோர்ட் காட்சி வந்ததும் புத்தகத்தை மூடிவிடுபவருக்கு

துப்பறியும் கதைகளை ஒரே மூச்சில் படிக்கிறீர்கள், ஆனால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனதும் வாசிப்பு சட்டச் சொற்களில் சிக்கி நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' (1958) நாவலில் தொடங்குங்கள். ராபர்ட் ட்ரேவர் என்பது புனைபெயர். எழுதியவர் ஜான் வோல்கர், அமெரிக்காவின் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். 1952இல் குற்றம் சாட்டப்பட்டவருக்காகத் தானே வக்கீலாக வாதாடிய கொலை வழக்கைத்தான் கதையாக்கினார். சுட்டது யார் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். அதனால் உங்கள் கவனம் முழுக்க வாதத்தின் மேல் இருக்கும்: வக்கீல் எந்தக் கேள்வியை ஏன் கேட்கிறார், எதை வேண்டுமென்றே கேட்காமல் விடுகிறார் என்று. சொற்களுக்கு அகராதி தேட வேண்டாம், அடுத்தடுத்த பக்கங்களில் தானாகப் பிடிபடும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கு நியாயமான சந்தேகத்தை எழுப்பினாலே போதும். இது புரிந்தால் குறுக்கு விசாரணையே (ஒரு தரப்பின் சாட்சியை மறுதரப்பு வக்கீல் கேள்வி கேட்பது) துப்பறிதல் மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் உண்மை வழக்குக்கு, ட்ரூமன் கபோட்டியின் 'இன் கோல்ட் ப்ளட்'. 1959இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டது பற்றியது. எழுத்து அபாரம். ஆனால் கடைசிக் கல்லறைக் காட்சி கற்பனை, அதை ஆவணமாக நம்பிவிடாதீர்கள். கொலை விவரங்கள் கனமானவை, இரவில் படிக்க வேண்டாம்.

முதல் புத்தகத்தில் எங்கே நின்றீர்கள் என்று எழுதுங்கள், அந்த இடத்தைச் சேர்ந்து பார்க்கலாம்.