முதலில் அந்தத் தலையணையை எடுங்கள்

கேள்வி: அடுப்பில் சேலை பற்றி என் தங்கைக்குக் கழுத்திலும் வலக் கையிலும் தீக்காயம். தோல் ஒட்டு வைத்து, வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. புண் ஆறிவிட்டது. தலையணை வைத்து, கையை மடக்கிப் படுத்தால்தான் வலி இல்லை என்கிறாள். இரவெல்லாம் அரிப்பு. மருத்துவமனையில் கொடுத்த இறுக்க உடையைப் போட மறுக்கிறாள், வாசலுக்கும் வருவதில்லை. கட்டாயப்படுத்தலாமா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: முதலில் அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள். புண் மூடிய பிறகும் தழும்பு ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டு வரை தடித்துச் சுருங்கிக்கொண்டே இருக்கும். எந்த நிலை இதமாக இருக்கிறதோ, அந்த நிலையிலேயே தோல் இறுகிவிடும். தாடை மார்போடு இழுபட்ட பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. அதற்கு மறுபடி அறுவை சிகிச்சைதான் வழி.

தோள்களுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தலை சற்றுப் பின்சாயப் படுக்கட்டும். கை நீட்டியே இருக்க ஸ்பிளின்ட் (மடங்காமல் தாங்கும் கட்டை) கட்ட வேண்டும். குளித்து எண்ணெய் தடவியதும் தோல் இளகியிருக்கும். அப்போது மெல்ல அண்ணாந்து, தழும்பு வெளிறும் அளவுக்கு இழுத்து, சற்று நேரம் நிறுத்தட்டும். நாளுக்கு ஐந்தாறு முறை. வலிக்கத்தான் செய்யும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் அண்ணாந்து பாருங்கள்.

உடையை மறுப்பது அடம் அல்ல. ஒட்டிய தோலில் வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் சரிவர வேலை செய்வதில்லை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதற்குமேல் இறுக்கமான துணி என்றால் யாருக்கும் தாங்காது. ஆனாலும் நாளுக்கு 23 மணி நேரம் போட்டால்தான் தழும்பு தட்டையாகும். இரண்டு செட் வைத்து மாற்றுங்கள். விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே கழற்றி, அளவைச் சரிசெய்யுங்கள். அரிப்புக்கு ஈரத் துணி ஒற்றி, தேங்காய் எண்ணெய் தடவி, ஊறியதும் மிச்சத்தைத் துடைத்துவிட்டு உடை போடட்டும். தூக்கம் கெட்டால் மருத்துவரிடம் மாத்திரை கேளுங்கள். அரிப்புக்குப் பத்தியம் என்று முட்டையையும் பருப்பையும் நிறுத்திவிடாதீர்கள். புதுத் தோலுக்குப் புரதம் வேண்டும்.

வெளியே வரக் கட்டாயப்படுத்த வேண்டாம். வெயில் ஏறுமுன், பழகிய ஒருவரோடு தெருமுனை வரை போதும். கேட்பவர்களுக்குச் சொல்ல, "அடுப்புத் தீ பட்டது, இப்போது தேறிவிட்டேன்" என்று ஒரு வரியை அவளே தயார் செய்துகொண்டால் பாதிப் பயம் குறையும். வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் மட்டும் காத்திருக்காதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அன்றே அழையுங்கள்.

இந்த வாரமே மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும், அவள் மறுக்கும் அந்த உடையையும் மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.