பாலிஷ் போடலாமா?

அன்புள்ள ஐயா,

பழைய சுழல் ஷாட்கன்களை (ரிவால்வர்போலச் சுழலும் சிலிண்டர் கொண்ட வேட்டைத் துப்பாக்கிகளை) சேகரிக்க ஆரம்பித்திருக்கிறேன். கோல்ட் நிறுவனத்தின் 1855 மாடல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. குழல் முழுக்கப் பழுப்பேறிக் கிடக்கிறது. வாங்கியதும் பாலிஷ் போட்டுப் புதிதாக்கிவிடலாம் என்றிருக்கிறேன். இரட்டைக்குழல் துப்பாக்கியிடம் தோற்றுப்போன ஒரு வகையை ஏன் சேர்க்கிறாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாலிஷ் மட்டும் வேண்டாம், தயவுசெய்து. எழுத்துப் பொறிப்பும் விளிம்புகளின் கூர்மையும் அதோடு போய்விடும். போனது திரும்பாது. செம்பொடியாக உதிரும் துரு என்றால் மெல்லிய எண்ணெயும் பருத்தித் துணியும் போதும். இறுகிப்போன பழுப்பைத் தொடாதீர்கள்.

உங்கள் நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். தோற்றதால்தானே இவை அரிதாயின! கோல்ட் நிறுவனம் அமெரிக்காவின் பேட்டர்சன் நகரில் செய்த 1839 மாடல் ஷாட்கன் சுமார் 225தான். 1855 மாடல் சுமார் 1,100. ஏன் தோற்றன என்பதைத் துப்பாக்கியைக் கையில் பிடித்தாலே புரிந்துகொள்ளலாம். மருந்து நிரப்பும் அறைகள் கொண்ட சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. சுடும்போது தீ அதன் வழியே பக்கவாட்டில் சீறும். சில சமயம் பக்கத்து அறைகளும் சேர்ந்து வெடித்துவிடும். கைத்துப்பாக்கியில் இரண்டு கையும் சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும். நீளத் துப்பாக்கியிலோ இடது கை அதற்கு முன்னால், வெடிக்கும் அறைகளுக்கு நேரே நீண்டிருக்கும். வேட்டைக்காரர்கள் இரட்டைக்குழலோடு நின்றுகொண்டதில் வியப்பே இல்லை.

இந்தச் சிக்கலுக்கு எனக்குத் தெரிந்து மிக அழகான விடை கண்டவர் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் சில்வெஸ்டர் ரோப்பர். 1866இல் அவர் காப்புரிமை பெற்ற துப்பாக்கியில் நான்கு தோட்டாக்கள் ஒரு மூடிய உறைக்குள் சுழலும். விசையை இழுத்தால் தோட்டாவே முன்னால் போய்க் குழலுக்குள் நுழைந்து வெடிக்கும். அதனால் இடைவெளி என்ற பேச்சே இல்லை. திரும்பத் திரும்ப மருந்தும் ரவையும் நிரப்பிக்கொள்ளும் எஃகுத் தோட்டாக்கள் அவை. (நீராவியில் ஓடும் இருசக்கர வண்டி செய்தவரும் இதே ரோப்பர்தான். 1896இல் அதை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இறந்தார்.) ஒரு ரோப்பர் அதன் அசல் தோட்டாக்களோடு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். தோட்டாக்கள் தனியாகக் கிடைப்பது கடினம்.

சரி, உங்கள் கோல்டுக்கு வருவோம். அந்த வரிசையில் ரைஃபிளும் கார்பைனும் (குட்டை ரைஃபிள்) உண்டு. ஷாட்கன் என்றால் உட்குழலில் வரிப்பள்ளம் இருக்கக்கூடாது, குழல்வாயின் அளவு 10 அல்லது 20 கேஜாக இருக்க வேண்டும், ஐந்து அறைகள் இருக்க வேண்டும். உறுப்புகளில் உள்ள எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். சிலிண்டர் மாற்றப்பட்டதென்றால் விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இத்தகைய துப்பாக்கிகளில் நூறாண்டுக்கு முன் திணித்த கரிமருந்து இன்னும் உள்ளே இருக்கலாம், அது வெடிக்கவும் செய்யும். தெரிந்த துப்பாக்கித் தொழிலாளி ஒருவர் ஐந்து அறைகளையும் பார்த்துக் காலி என்று சொல்லும்வரை அதன் சுத்தியலை (மருந்தைப் பற்றவைக்க அடிக்கும் உறுப்பை) தொடாதீர்கள். அமெரிக்கச் சட்டம் 1898 வரை செய்தவற்றைப் பழம்பொருள் என்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.