அப்பப்பாவின் ராலி சைக்கிளுக்கு வீட்டிலேயே ஸ்பிறே அடிக்கலாமா?

கேள்வி: அப்பப்பா திருகோணமலை டொக்யாட்டில் வேலை செய்த காலத்தில் வாங்கிய ராலி சைக்கிள் எங்கள் வீட்டில் இருக்கிறது. பிறேமில் கறுப்புப் பெயின்ட் பாதிக்கு மேல் நன்றாகவே இருக்கிறது. பெடல் அச்சுக்குக் கீழும் பின் சில்லுக் கால்களிலும் மட்டும் கறள். பழைய பெயின்டை முழுதாக உரித்துவிட்டு, டின் ஸ்பிறே வாங்கி முற்றத்தில் வைத்து அடிக்க யோசிக்கிறேன். போன வருடம் மட்கார்ட்டுக்கு அடித்துப் பார்த்தேன். இரண்டே மாதத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. எங்கே பிழைத்தது? மாரிக்கு முன் வேலையை முடிக்கலாமா?
— உப்புவெளி வாசகர்

அடிக்கலாம். ஆனால் முழுதாக உரிக்க வேண்டாம். உங்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்.

அந்தக் காலத்து ராலி பிறேம் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் தொழிற்சாலையில் எனாமல் பூசி, சூளையில் சுட்டு எடுக்கப்பட்டது. எழுபது வருடக் கடற்காற்றுக்குப் பிறகும் பாதிக்கு மேல் நிற்கிறதென்றால் அந்தப் பூச்சு எவ்வளவு உறுதி என்று பாருங்கள். டின்னிலிருந்து வரும் எந்தப் பெயின்டும் அதற்குக் கிட்ட வராது. ஒட்டி நிற்கும் இடத்தில் அதை அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். கறள் பிடித்த இடத்தை மட்டும் இரும்பு தெரியும்வரை தேயுங்கள்.

ஆனால் அது தொழிற்சாலைப் பூச்சுத்தானா என்று பார்க்க வேண்டும். இடையில் யாராவது வீட்டு எனாமல் பூசியிருக்கலாம். ஒரு வெள்ளைத் துணியில் என்.சி. தின்னர் தொட்டு, சீற் குழாயின் கீழே கண்ணில் படாத இடத்தில் அரை நிமிடம் தேய்த்துப் பாருங்கள். சுட்ட எனாமல் பெரும்பாலும் அசையாது. துணி கறுத்து, மேற்பரப்பு இளகினால் அது பிறகு பூசியது. அதன்மேல் ஸ்பிறே அடித்தால் சுருங்கிக் கிழவியின் கைபோல ஆகிவிடும். அந்தப் படையை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் மட்கார்ட். பெயின்ட் தரமில்லாததால் கொப்புளம் வந்ததாக நான் நினைக்கவில்லை. பெரும்பாலும் அது உப்பு. திருகோணமலை நகரத்துக்கு ஒரு பக்கம் உட்துறைமுகம், மறு பக்கம் திறந்த கடல். உங்கள் உப்புவெளியோ கரையிலேயே இருக்கிறது. காற்றில் வரும் உப்பு கண்ணுக்குத் தெரியாமல் இரும்பில் படிந்து, கறளின் குழிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் குழியின் அடியில் அது இருக்கும். பெயின்ட் தோல் நீராவியை முழுதாக மறிப்பதில்லை. உள்ளே இருக்கும் உப்பு அந்த ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துத் தண்ணீராகச் சேர்க்கும். அந்தத் தண்ணீர்தான் பெயின்டைத் தள்ளிக்கொண்டு கொப்புளமாக எழும்புகிறது. ஒரு கொப்புளத்தை ஊசியால் குத்திப் பாருங்கள். ஈரமோ கறளோ இருக்கும்.

ஆகவே, தேய்க்க முன்பும் தேய்த்த பின்பும் கழுவ வேண்டும். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பால் செயின் எண்ணெய், அழுக்கு எல்லாவற்றையும் எடுங்கள். எண்ணெய் துளி இருந்தாலும் பெயின்ட் அந்த இடத்தில் விலகி மீன்கண் போல வட்டம் விடும். பிறகு கறளைக் கம்பித் தூரிகையாலும் 180 வாட்டர் பேப்பராலும் எடுத்து, நல்ல தண்ணீர் ஊற்றி, பிரஷ் போட்டுக் குழிகளைத் தேய்த்து இரண்டு மூன்று தரம் அலசுங்கள். நல்ல தண்ணீர் என்றுதான் சொல்கிறேன். கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். அதில் அலசினால் எடுத்த உப்பைத் திருப்பிக் கொடுத்ததாகிவிடும். கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத்தண்ணீர் பாவியுங்கள். உடனே துணியால் ஒற்றி வெயிலில் காயவைத்து, குழிகளில் மிஞ்சிய கறளுக்குப் பொஸ்போரிக் அமிலம் உள்ள கறள் நீக்கி பூசுங்கள். டின்னில் சொன்ன நேரத்துக்குப் பிறகு அதையும் துடைத்துக் காயவையுங்கள். அன்றே பிறைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிட வேண்டும். எங்கள் ஊரில் வெறும் இரும்பை ஒரு இரவு விட்டால் விடிய மஞ்சள் பூத்திருக்கும்.

தேய்க்கும்போது ஒரு கவனம். பழைய எனாமல்களில் ஈயம் இருக்கலாம். நனைத்தே தேயுங்கள், கிரைண்டர் போட்டுத் தூசு கிளப்புவதும், நெருப்புக் காட்டி உரிப்பதும் கூடவே கூடாது. கீழே பத்திரிகைத் தாள் விரித்து, சேறு முழுவதையும் சுருட்டிக் கட்டுங்கள். பிள்ளைகளும் கோழிகளும் அந்தப் பக்கம் வரவேண்டாம்.

கழற்றுவதில் நான்கு விஷயம் மட்டும். இடது பெடல் மற்றப் பக்கமாகச் சுற்றித்தான் கழரும். கிராங்கைப் பிடிக்கும் கொட்டர் பின்னை நட்டைத் தளர்த்தாமல் சுத்தியலால் அடிக்காதீர்கள். பின் வளைந்தால் வேலை இரட்டிப்பு. பெடல் அச்சின் வலப்பக்கக் கிண்ணத்தைக் கழற்றவே வேண்டாம், துணி அடைத்து மூடினால் போதும். ராலியின் புரி அங்குலத்துக்கு 26. கடையில் கிடைக்கும் சாதாரணக் கிண்ணங்கள் 24. பழையதைக் கெடுத்தால் மாற்று தேடி அலைவீர்கள். முன்னால் இருக்கும் கொக்குத் தலை பட்ஜை மெதுவாக எடுத்து வையுங்கள். பின் சில்லின் நடுவிலுள்ள ஹப்பில் ஸ்டேர்மி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. என்று (அது மூன்று கியர் ஹப்பின் பெயர்) வெட்டியிருந்தால், பக்கத்திலுள்ள இரண்டு இலக்கம் அது செய்த வருடம். பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைக் கையளித்தது 1957இல். இலக்கம் அதற்கு முந்தியதாக இருந்தால், வெள்ளைக்காரன் காலத்திலேயே அப்பப்பா அதை ஓட்டியிருக்கக்கூடும்.

மாரிக்கு முன் முடிக்கலாமா என்று கேட்டீர்கள். அவசரப்படாதீர்கள். ஆனி, ஆடி, ஆவணியில் கச்சான் வீசும்போது அடித்தால் பெயின்ட் பிறேமைத் தொடுவதற்கு முன்பே காற்றில் காய்ந்து, மணல் தூவினதுபோல உட்காரும். மாரியில் அடித்தால் வேறு தொல்லை: தின்னர் ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்து, காற்றின் ஈரத்தை இழுத்துப் பால் படர்ந்ததுபோல வெளுத்துவிடும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேலே போனால் டின்னைத் தொடவே வேண்டாம். எங்களுக்கு வாய்த்த காலம் மாசி நடுவிலிருந்து சித்திரை வரை; நேரம், பனி காய்ந்த பிறகு காலை ஒன்பதிலிருந்து பதினொன்று. இப்போதைக்குப் பழைய பெயின்டோடேயே கறளில் எண்ணெய் தடவி உள்ளே வையுங்கள். உரித்துவிட்டு மாரியில் காத்திருப்பதுதான் ஆபத்து. எண்ணெய் பூசிய இடத்தை மாசியில் சோப்பால் நன்றாகக் கழுவ மறக்க வேண்டாம்.

பிறைமர், நிறம், கிளியர் என்ற நிறமில்லாத மேற்பூச்சு மூன்றையும் ஒரே கம்பனியில் வாங்குங்கள். 400 மி.லீ. டின்னில் பிறைமர் ஒன்று, கறுப்பு இரண்டு, கிளியர் ஒன்று போதும். குழாய் மெல்லியது என்பதால் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும். அதைக் கணக்கில் வைத்துத்தான் சொல்கிறேன். இரண்டு பொதி கலக்கும் ஐசோசயனேற் கிளியரை ‘கராஜில் அடிப்பது, மினுக்கம் அதிகம்’ என்று யாரும் தந்தால் வாங்க வேண்டாம். அதன் ஆவி நுரையீரலைக் கெடுத்து நிரந்தர ஆஸ்துமாவைத் தரக்கூடியது. சாதாரண டின்னுக்கும் துணி மாஸ்க் காணாது, கரி வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். டின்னிலிருந்து பெயின்டைத் தள்ளும் வாயு எரியக்கூடியது. பக்கத்தில் நுளம்புத்திரி, விளக்கு, பீடி எதுவும் இருக்கக் கூடாது. டின்னை வெயிலில் விடவும் வேண்டாம்.

பிறேமைக் கயிற்றில் மார்பு உயரத்துக்குக் கட்டித் தொங்கவிடுங்கள். சுற்றிப் பார்க்க இடம் வேண்டும். கீழே தண்ணீர் தெளித்தால் புழுதி எழும்பாது. டின்னுக்குள் குண்டு சத்தம் கேட்கத் தொடங்கியதிலிருந்து முழு இரண்டு நிமிடம் குலுக்குங்கள். முதலில் சந்துகளும் அடிப்பக்கமும்: பெடல் அச்சுக்குக் கீழ், பின் கால்களின் உட்பக்கம், குழாய்கள் சந்திக்கும் லக்குகள். நேரே தெரியும் நீளக் குழாய்கள் கடைசி. புதிதாக அடிப்பவர்கள் குழாயில் தொடங்குவார்கள், சந்துக்கு வரும்போது குழாயில் பெயின்ட் கனத்து வடிந்துவிடும். 20 முதல் 25 சென்ரிமீற்றர் தூரம் பிடித்து, பிறேமுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, அதைக் கடந்த பிறகு விரலை எடுங்கள். முதல் கோட், அதாவது முதல் படை, அடித்ததும் அடியில் உள்ளது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கனமாக அடித்துவிட்டீர்கள். பத்து, பதினைந்து நிமிடம் இடைவெளி விட்டு பிறைமர் மூன்று கோட், கறுப்பு நான்கு கோட். பழைய எனாமல் இருக்கும் இடத்தை முன்பே 400 வாட்டர் பேப்பரால் மினுக்கம் போகத் தேய்த்திருக்க வேண்டும். பிறைமர் காய்ந்த பிறகு 600. வடிந்துவிட்டால் விரலால் தொடாதீர்கள். நன்றாகக் காயவிட்டுத் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் திருப்பி அடியுங்கள். அடுத்த கோட் அடிக்கும் நேரத்தை டின்னில் எழுதியதுபோலவே பாருங்கள். சில எனாமல்களுக்கு ஒரு மணித்தியாலத்துக்குள், அல்லது முழு ஒரு நாளுக்குப் பிறகு. நடுவில் அடித்தால் சுருங்கும்.

ராலி பிறேமின் தங்கக் கோடுகள் அந்தக் காலத்தில் கையால் இழுத்தவை. ஸ்ரிக்கர் ஒட்டுவதைவிட, வள்ளங்களுக்குப் பெயர் எழுதும் ஒருவரிடம் கொண்டுபோங்கள். அந்தக் கைகளுக்கு வளைந்த பரப்பில் கோடு நடுங்காது. கோடு காய்ந்த பிறகு ஒரு மூலையில் கிளியர் தொட்டுப் பார்த்து, கரையாவிட்டால் மட்டும் முழுதும் அடியுங்கள்.

அரை மணியில் தொடக்கூடியதாகக் காயும். அதை நம்பிப் பூட்ட வேண்டாம். இரண்டு கிழமை தொங்கட்டும். அதற்கு முன் நட்டு இறுக்கினால் வாஷர் பெயின்டோடு சேர்ந்து கழரும். பூட்டமுன் சீற் குழாய்க்குள் புதிய எஞ்சின் எண்ணெய் இரண்டு மூடி ஊற்றி, பிறேமை நாலு பக்கமும் சாய்த்து வடியவிடுங்கள். சீற்றைப் பூட்டும்போது தண்டுக்கு கிறீஸ் பூச வேண்டும். கொக்குத் தலை பட்ஜைக் கடைசியாக வையுங்கள்.