வன்னியில் புளொக்ஸ் செடி சித்திரை வெயிலில் ஏன் கருகிவிடுகிறது?

புளொக்ஸ் வட அமெரிக்காவின் காட்டுப்பூ. நாங்கள் விதைப்பது பெரும்பாலும் டிரமண்டி இனம். சொந்த இடம் டெக்சாஸின் மணல் நிலம். அங்கே இலையுதிர் மழையில் முளைத்து, வசந்தத்தில் பூத்து, கோடை சுடமுன் விதை விட்டுச் செத்துவிடும். ஒரு பருவம்தான் அதன் ஆயுள். நெல் வெட்டிய வயலில், மிச்ச ஈரத்தை நம்பி விதைக்கிற பயறு காய்த்து முடிவதைப் போல.

ஆகவே மாரி ஓயும் மார்கழிக் கடைசியில் விதையுங்கள். விதை முளைக்க இருட்டு வேண்டும். அரை சென்ரிமீற்றர் மண்ணால் மூடினால் ஏறத்தாழ இரண்டு கிழமையில் முளைக்கும். வெறும் செம்மண் மழைக்கு இறுகும், மணலும் மக்கிய எருவும் கலக்க வேண்டும். அரையடி இடைவெளி, நல்ல வெயில். நெருக்கி நட்டு, மாலையில் இலை நனைய ஊற்றினால் சாம்பல் நோய்தான் மிஞ்சும். காலையில் அடியில் ஊற்றுங்கள். யூரியா வேண்டாம், இலைதான் கொழுக்கும். நாலு விரல் உயரத்தில் நுனியைக் கிள்ளினால் கிளைத்துப் பூக்கும்.

வருடம் முழுக்கக் கோயில் வீதியில் பூக்கும் பட்டிப்பூவை (நித்தியகல்யாணி) பலர் புளொக்ஸ் என்கிறார்கள். இதழ் ஐந்து என்பதால் வந்த குழப்பம். பட்டிப்பூ இலை மினுங்கும், புளொக்ஸ் இலையில் பிசுபிசுப்பான மயிர் இருக்கும்.