கணினி கேள்வி-பதில்: மேக்ரோவில் தமிழ் ஏன் கேள்விக்குறியாகிறது?

கேள்வி: நான் பத்திரம் எழுதித் தரும் தொழிலில் இருக்கிறேன். கிரையப் பத்திரத்தில் வில்லங்கம் இல்லை என்று உறுதி கூறும் பத்தி ஒரு சொல்லும் மாறாமல் திரும்பத் திரும்ப வருவதால், அதை ஒரே விசையில் வரவழைக்க வேர்டில் மேக்ரோ என்னும் சிறு நிரல் எழுத முயன்றேன். நிரல் சாளரத்தில் தமிழை ஒட்டினால் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடுகின்றன. எழுத்துருவை மாற்றியும் பயனில்லை. (ஆவண எழுத்தர், கும்பகோணம்)

பதில்: எழுத்துருவின் மீது குற்றமில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடுக்கு வேர்டு மாறிப் பல ஆண்டுகள் ஆன பின்பும், ஆல்ட், எஃப்11 அழுத்தினால் திறக்கும், மேக்ரோ எழுதுவதற்கான விபிஏ சாளரம், சில மொழிகளுக்கு மட்டும் எழுத்துப் பட்டியல் வைத்திருக்கும் பழைய குறிப்பக்க முறையிலேயே எழுத்துகளைக் கையாளுகிறது. ரஷ்ய மொழிக்கும் கிரேக்கத்துக்கும் விண்டோஸில் அத்தகைய பழைய குறிப்பக்கங்கள் உண்டு; தமிழோ யூனிகோடு வழியாக மட்டுமே அதற்குள் வந்த மொழி. ஆகவே அந்தச் சாளரத்தில் தமிழ் எழுத்தை நேரடியாக எழுத முடியாது, ஒவ்வொரு குறியையும் அதன் யூனிகோடு எண்ணாகத்தான் கொடுக்க வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லுக்கு 2980, 2990, 3007, 2996, 3021 என்று ஐந்து எண்கள் தேவை. கண்ணுக்கு அது மூன்றெழுத்துதான் என்றாலும், 'மி'யின் கொக்கியும் 'ழ்' மீதுள்ள புள்ளியும் கணினிக்குத் தனித்தனிக் குறிகள். உங்கள் பத்தி முழுவதையும் இப்படி எண்களாக்கி, அதில் ஓர் எண் தவறிப்போனால், அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் நேரத்தில் நாலு பத்திரம் எழுதி முடித்துவிடலாம்.

எனவே உங்களுக்கு மேக்ரோவே வேண்டாம் என்பேன். அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து ஆல்ட், எஃப்3 அழுத்துங்கள். வரும் பெட்டியில் ஆங்கில எழுத்துகளில் ஒரு சிறு பெயரைக் கொடுத்துச் சேமியுங்கள். பிறகு எந்த ஆவணத்திலும் அந்தப் பெயரைத் தட்டி எஃப்3 அழுத்தினால் பத்தி முழுவதும் வந்து விழும். வேர்டை மூடும்போது மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டால் மறவாமல் 'ஆம்' என்று சொல்லுங்கள். பலர் கோட்டை விடுவது அங்கேதான். பிற்பாடு மேக்ரோ தேவைப்பட்டாலும், சேமித்த அந்தத் துண்டைப் பெயர் சொல்லி அழைக்கும்படி எழுதினால் போதும். நிரலுக்குள் தமிழே இராது. லிப்ரே ஆபீஸின் மேக்ரோ மொழியான பேசிக்கில் இந்தத் தொல்லை இல்லை, தமிழை அப்படியே எழுதலாம்.

கேள்வி: மொழிபெயர்ப்பு வேலைக்காக ஆட்டோஹாட்கீ என்னும் விண்டோஸ் மென்பொருளில் சில குறுக்குவிசைகள் அமைத்துள்ளேன். கண்ட்ரோல், கே சேர்ந்த விசை ஒரு நாள் வேலை செய்கிறது, மறுநாள் செய்வதில்லை. பைத்தான் நிரல்மொழிக்கு மாறிவிடலாமா? (மொழிபெயர்ப்பாளர், மதுரை)

பதில்: மொழியை மாற்றினால் இது தீராது. நீங்கள் ஒரு விசையைத் தட்டியதும், தமிழ்த் தட்டச்சு மென்பொருள், உங்கள் ஸ்கிரிப்ட் (குறுக்குவிசைகளை எழுதிவைத்த நிரல்), திறந்திருக்கும் செயலி ஆகிய மூன்றும் அதற்காகக் காத்திருக்கின்றன. யார் முதலில் பிடித்துக்கொள்கிறாரோ அவருக்கே அது சொந்தம். மேலும், விசையை எழுத்தின் பெயரால் குறிப்பிட்டால், ஸ்கிரிப்ட் தொடங்கிய நேரத்தில் எந்த விசைப்பலகை அமைப்பு இயக்கத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தும் விளைவு மாறலாம். எனவே 'கே' என்று எழுதாமல், அந்த விசையின் இடத்தைச் சுட்டும் ஸ்கேன் எண்ணை SC025 என்று எழுதுங்கள். தமிழ்99 இருந்தாலும் ஆங்கிலம் இருந்தாலும் அந்த இடம் நகராது. கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்துக் குறுக்குவிசை வைக்காமலிருப்பதும் நல்லது, ஏனெனில் பல விசைப்பலகை அமைப்புகளில் வலப்பக்க ஆல்ட்டை விண்டோஸ் அவ்விரண்டின் கூட்டாகவே எடுத்துக்கொள்கிறது.

சுருக்கத்தை விரிக்கும் வசதியில்

::மாஆ::மாவட்ட ஆட்சியர்

என்று ஒரே வரியில் எழுதலாம். ஆயினும் எழுத்துகளை இடையில் நின்று கோக்கும் தட்டச்சு மென்பொருள்களோடு தமிழ்ச் சுருக்கங்கள் பிடிபடாமல் போவதுண்டு. ஆங்கில எழுத்துச் சுருக்கமே நம்பகமானது. ஆட்டோஹாட்கீயின் பழைய முதல் பதிப்பைப் பயன்படுத்தினால், கோப்பை யுடிஎஃப்-8 என்னும் யூனிகோடு வடிவில், கோப்பின் தொடக்கத்தில் அதை அடையாளம் காட்டும் பாம் குறியுடன் சேமியுங்கள், இல்லையேல் தமிழ் சிதையும். 2022 டிசம்பரில் வெளிவந்த இரண்டாம் பதிப்பு யுடிஎஃப்-8ஐத் தானாகவே எடுத்துக்கொள்கிறது; ஆனால் அதன் இலக்கணம் வேறு, முதல் பதிப்புக்கு எழுதியது பெரும்பாலும் அதில் அப்படியே ஓடாது.

எந்த மொழி என்பதை நீங்கள் அமர்ந்திருக்கும் கணினியே முடிவு செய்துவிடுகிறது. மேக்கில் இதே வேலையைச் செய்யும் ஹேமர்ஸ்பூன் லுவா மொழியைக் கேட்கும். லினக்ஸில் ஆட்டோகீ பைத்தானைக் கேட்கும், ஆனால் அது எக்ஸ்11 என்னும் பழைய திரையமைப்புக்காக எழுதப்பட்டது. 1976-இல் பிறந்த ஈமேக்ஸ் தொகுப்பியின் பெயரே 'எடிட்டர் மேக்ரோக்கள்' என்பதன் சுருக்கம்தான். அதற்கு லிஸ்ப் மொழி வேண்டும். நீங்கள் விண்டோஸில் இருக்கும்வரை ஆட்டோஹாட்கீயே போதும்.

கேள்வி: வங்கிக் கடவுச்சொல்லையும் இப்படி ஒரு விசையில் வைத்துக்கொள்ளலாமா? (வாசகி, சேலம்)

பதில்: கூடாது. ஸ்கிரிப்ட் என்பது வெறும் உரைக்கோப்பு. நோட்பேடில் திறப்பவர் எவரும் அதைப் படித்துவிடலாம்.