கன்ட்ரோலர் செத்தால் மைக்ராஸ்கோப்பும் செத்ததா?

கேள்வி: எங்கள் கல்லூரியில் பத்து ஆண்டுப் பழைய ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப் (ஊசியை மேற்பரப்புக்கு மிக அருகே நகர்த்தி அணு அளவில் படம் எடுக்கும் கருவி) இருக்கிறது. ஊசி இருக்கும் தலைப்பகுதி நன்றாக இருக்கிறது. கன்ட்ரோலர் பெட்டி செத்துவிட்டது. புதிய பெட்டிக்கு முகவர் ஏழு லட்சம் ரூபாய் கேட்கிறார். மாணவர்களை வைத்து நாங்களே குறைந்த செலவில் செய்ய முடியுமா? – இயற்பியல் விரிவுரையாளர், விருதுநகர்

பதில்: முடியும். ஆனால் முதலில் முகவரிடம் கேளுங்கள்: பெட்டிக்குள் எது செத்தது? திறந்து பார்க்காமலே விலை சொல்லியிருப்பார். நான் பார்த்த ‘செத்த’ பெட்டி ஒன்று, பவர் சப்ளையில் உப்பிப்போயிருந்த இரண்டு கெப்பாசிட்டர்களை மாற்றியதும் எழுந்து உட்கார்ந்தது.

அப்படிப் பிழைக்கவில்லை என்றால் புதிதாகச் செய்யுங்கள். ஊசிக்கும் மாதிரிக்கும் இடையே பாயும் மின்னோட்டம் மாறாதபடி ஊசியை ஏற்றி இறக்குவதுதான் கன்ட்ரோலரின் வேலை. இடைவெளி ஓர் ஆங்ஸ்ட்ராம் (மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) கூடினால் மின்னோட்டம் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். இந்தக் கணக்குக்கு டீன்சி 4.1 போன்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் பலகையே தாராளம். மாணவர்கள் நிரல் எழுதுவதிலேயே மூழ்கிவிடுவார்கள், விடாதீர்கள். படம் வருவதும் வராததும், ஊசியின் நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கக்கூடிய வோல்ட்டாக்கும் முன்பெருக்கியின் கையில் இருக்கிறது.

பிடிக்க வேண்டியது ஒரு நானோ ஆம்பியர். 100 மெகா ஓம் மின்தடை போட்ட ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சில்லு) அதை 0.1 வோல்ட்டாக மாற்றித் தரும். விரல் பட்ட பிசுக்கு வழியாகக்கூட மின்னோட்டம் கசியும். ஆகவே ஆப்-ஆம்பின் உள்ளீட்டுக் காலைப் பலகைத் துளையில் செருகாமல் மேலே வளைத்து, மின்தடையை அந்தரத்திலேயே பற்றவையுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவி, தகர டப்பாவில் மூடி, ஊசிக்கு அருகிலேயே வையுங்கள். 0.1 வோல்ட்டை இன்னொரு 100 மெகா ஓம் வழியாக உள்ளே கொடுத்தால் வெளியே மைனஸ் 0.1 வோல்ட் வர வேண்டும். வரும்வரை ஊசியைத் தொடாதீர்கள். தலைக்குள்ளேயே முன்பெருக்கி இருந்தால் பாதி வேலை மிச்சம்.

உதிரிபாகம் வாங்கும்போதுதான் ஏமாறுவீர்கள். ஓபிஏ627 என்ற விலையுயர்ந்த ஆப்-ஆம்பின் பெயர் அச்சடித்த மலிவான போலிச் சில்லுகள் சந்தையில் உலவுகின்றன. ‘24 பிட்’ என்று ஆசை காட்டிப் பாட்டுக் கேட்கும் பலகையைத் தலையில் கட்டுவார்கள். வெளியீட்டில் கெப்பாசிட்டர் உள்ள பலகை நிலையான வோல்ட்டைப் பிடித்து நிறுத்தாது. நம் ஊசியோ ஒரே உயரத்தில் நின்றாக வேண்டும். நிலையான வோல்ட்டைத் தரும் 16 பிட் டிஏசி (எண்ணை வோல்ட்டாக மாற்றும் சில்லு) போதும். ±10 வோல்ட்டை அது 65,536 படிகளாக்கும். ஒரு படி சுமார் 0.3 மில்லிவோல்ட்.

அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்கலாம் என்றால், சில நூறு ரூபாய்ச் சில்லுக்குக் கல்லூரி அலுவலகத்தில் மூன்று விலைப்புள்ளி கேட்கக்கூடும். ஏழு லட்சப் பெட்டிக்கு மட்டும் ‘வேறு யாரும் தயாரிப்பதில்லை’ என்ற ஒற்றைச் சான்றிதழ் போதும். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் ஒருநாளும் சால்டரிங் அயர்னைப் பிடித்திருக்க மாட்டார்.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் மைக்ராஸ்கோப் தலையில் ஊசியை நகர்த்துவது குழாய் வடிவப் பீசோவா (வோல்ட் கொடுத்தால் நீண்டு சுருங்கும் பொருள்)? அதற்கு நூறு வோல்ட்டும் அதற்கு மேலும் தேவைப்படலாம். அப்படியானால் மேலே சொன்ன மலிவு வழி போதாது. தனியாக உயர் மின்னழுத்தப் பெருக்கி வேண்டும். அதை மாணவர்களிடம் விடாதீர்கள், அணைத்த பிறகும் கெப்பாசிட்டர் அடிக்கும். எதிர்த்திசையில் அளவு மீறிக் கொடுத்தால் பீசோவும் கெட்டுப்போகும். கையேடு தொலைந்திருந்தால், பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரத்தை வடித்தபின், பழைய பெட்டியின் பவர் சப்ளையைப் பாருங்கள். கெப்பாசிட்டர்களில் 25, 35 வோல்ட் மட்டுமே அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் தாழ் மின்னழுத்தத் தலைதான். 200, 250 என்று இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். 230 வோல்ட் நுழையும் இடத்தில் உள்ள முதல் கெப்பாசிட்டரை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அது எப்படியும் பெரிய எண்தான் காட்டும்.

மின்சாரத்துக்குச் செல்போன் சார்ஜர் வேண்டாம், அதன் மின் இரைச்சல் படத்தில் ஏறும். டிரான்ஸ்பார்மரோடு 7815, 7915 (±15 வோல்ட்டை நிலையாகத் தரும் சில்லுகள்) போதும். முதல் படம் கோடு கோடாக வந்தால் நிரலைத் திருத்த உட்காராதீர்கள். இரைச்சல் அங்கிருந்தும் வரலாம் என்பதால் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு இன்னொரு படம் எடுத்துப் பாருங்கள்.